மடிக்கணினிக்கு வைத்த பொட்டு

ஆயுத பூஜையன்று வீட்டுச் சாமான்களுக்குப் பொட்டு வைப்பது என் மனைவியின் வேலை. தையல் மெஷின், என் கருவிப் பெட்டி, கார் என்று ஒவ்வொன்றாகப் போவாள். போன வருடம் சந்தனக் கிண்ணத்தை அவள் கையிலிருந்து நான் வாங்கிக்கொண்டேன். மடிக்கணினியை மூடி, மூடியின் மேல் பொட்டு வைக்கப் போயிருந்தாள். பொட்டை முதுகில் யாராவது வைப்பார்களா என்று கேட்டேன். திரையைத் திறந்து நிறுத்தி, மேல் விளிம்பின் சரி நடுவில், கேமராவின் கண்ணை மறைக்காமல் அதை ஒட்டியபடி வைத்தேன். சந்தனம் கெட்டியாக இருந்ததால் பன்னீர் விட்டுக் குழைத்ததும் நான்தான்.

"அங்க வேணாங்க, வெளிய வைங்க," என்றாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

பூஜையில் வைத்த பொருளை விஜயதசமி காலை வரை நாங்கள் தொடுவதில்லை. புதிதாக எதையும் தொடங்க விஜயதசமி நல்ல நாள். அதனால் அந்த மடிக்கணினியில் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போடுவதை அன்றைக்கு என்று முன்பே முடிவு செய்திருந்தேன். காலையில் சாமி கும்பிட்டுவிட்டு, ஈரத் துணியால் பொட்டை அழுத்தித் துடைத்தேன். விளிம்பு சுத்தமாகிவிட்டது. பென்டிரைவைச் செருகி வேலையைத் தொடங்கினேன்.

அந்தக் கணினியைச் சீக்கிரம் தயார்படுத்த வேண்டியிருந்தது. மலேசியாவில் எங்கள் ஊர்ப் பக்கம், செனாயில் என் மனைவி கல்யாணத்துக்கு முன்பிருந்தே வேலை பார்த்த தொழிற்சாலை அந்த ஆண்டு நடுவில் மூடப்பட்டது. அவள் வயதில் இன்னொரு தொழிற்சாலையில் எடுக்க மாட்டார்கள். கடைசியில் ஜொகூர் பாருவில் உள்ள ஒரு நிறுவனம் நேர்காணலுக்குக் கூப்பிட்டது. சிங்கப்பூர் கிளினிக்குகளுக்கு வரும் தொலைபேசி அழைப்புகளை வீட்டில் இருந்தபடியே எடுத்து நேரம் குறித்துக் கொடுக்கும் வேலை. கணினி சொந்தமாக இருக்க வேண்டும். நேர்காணலும் அதே கணினி வழியாகத்தான். குரலும் இணைப்பும் எப்படி இருக்கின்றன என்று அவர்கள் பார்ப்பார்களாம். எங்கள் மடிக்கணினியோ திறந்தால் விழித்துக்கொள்ளவே ஒரு கோப்பி குடிக்கும் நேரம் எடுக்கும். லினக்ஸ் போட்டால் பழைய கணினி கூட ஓடும் என்று நான் சொன்னேன். அவள் நம்பினாள். தன் அக்காவிடமும் என்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிவைத்தாள்.

உண்மையில் ஓடத்தான் செய்தது. முதலில் வைஃபை வரவில்லை. போனைக் கம்பியால் இணைத்து, அதன் வழியாக இணையத்துக்குப் போய், வைஃபை அட்டையை இயக்கும் டிரைவர் மென்பொருளைத் தேடிப் போட்டேன். மதியத்துக்குள் எல்லாம் சரியானது. அந்த வெற்றிதான் பிறகு என் கண்ணைக் கட்டியது. இந்தக் கணினியில் எது கெட்டாலும் டிரைவரில்தான் கோளாறு இருக்கும் என்று அன்றே எனக்குள் பதிந்துவிட்டது.

முதல் நேர்காணலில் அவள் பட்டுச் சேலை உடுத்தாமல், தொழிற்சாலைக்குப் போட்டுப் போகும் வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். நான் ஹாலில் இருந்தேன். அந்தப் பக்கம் ஒரு பெண்ணும் ஒரு மலாய்க்காரரும். அவர்கள் பேசுவது எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது. இவள் பேசுவது அவர்களுக்குக் கேட்கவில்லை. ஏதோ மிகத் தூரத்தில் முணுமுணுப்பது போல இருக்கிறது என்றார்கள். இவள் கையைக் காட்டிக் காட்டிப் பேசினாள். அவர்கள் நல்லவர்கள். அடுத்த வாரம் இன்னொரு நேரம் தருவதாகவும், அதற்குள் கணினியைச் சரி செய்துகொள்ளும்படியும் சொன்னார்கள்.

என் வேலை, தொழிற்சாலையில் அளவுக் கருவிகளைச் சரிபார்ப்பது. புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லிக் கொடுப்பது, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று என்பதைத்தான். இரண்டை ஒன்றாக மாற்றினால் கெடுத்தது எது என்று தெரியாது. அந்தப் பழக்கத்தோடுதான் வீட்டிலும் விசாரணையைத் தொடங்கினேன். அதற்கு முந்தின மாதம் வரை ஞாயிறுதோறும் லாயாங் லாயாங்கில் இருக்கும் தன் அக்காவுடன் அவள் இதே கணினியில்தான் பேசிக்கொண்டிருந்தாள். அப்போது மைக் வேலை செய்தது. அதன் பிறகு மாறியது லினக்ஸ் மட்டும்தான் என்று கணக்குப் போட்டேன். ஆனால் லினக்ஸைப் போட்டவன் நான். நான் போட்டது சரியாக இருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. மிச்சம் இருந்தது அவள் விரல்கள்.

"பேசுறதுக்கு முன்னாடி எதையாவது அமுக்கினியா?"

"இல்லையேங்க."

"மேல் வரிசையில மைக் படம் போட்ட பட்டன் இருக்கு பாரு. அது?"

"தொடவே இல்லைங்க."

"நல்லா யோசிச்சுச் சொல்லு. சும்மா கெடாது."

யோசித்தாள். கீபோர்டைப் பார்த்தாள். பிறகு, "அமுக்கியிருப்பேனோ என்னமோ. பதட்டத்துல ஞாபகம் இல்ல," என்றாள்.

செய்யாத ஒன்றை அவளை ஒப்புக்கொள்ள வைத்துவிட்டேன். அப்போது அது எனக்கு ஒரு முன்னேற்றமாகவே பட்டது.

அந்த வாரம் முழுக்க வேலை முடிந்து வந்ததும் சட்டையைக் கூட மாற்றாமல் கணினி முன் உட்கார்ந்தேன். ஒலி அமைப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். மைக்கை அணைத்து மீண்டும் போட்டேன். இணையக் குழுக்களில் இதே மாதிரி கணினியை வைத்திருந்த பலர் மைக் வரவில்லை என்று புலம்பியிருந்தார்கள். அதைப் படித்து எனக்குத் தெம்பு வந்தது. அவர்கள் சொன்ன வரிகளையெல்லாம் போட்டுப் பார்த்தேன். லினக்ஸின் அடிநிரலான கர்னலையே மாற்றினேன். வேறொரு லினக்ஸைப் பென்டிரைவில் இருந்தே ஓட்டிப் பார்த்தேன். அதிலும் மைக் ஊமைதான். அந்த இடத்திலாவது நான் நின்று யோசித்திருக்க வேண்டும். இரண்டு வேறு சிஸ்டங்களில் ஒரே கோளாறு வருகிறதென்றால் தப்பு சிஸ்டத்தில் இல்லை. நானோ, இந்த ஒலிச் சில்லுக்கும் லினக்ஸுக்குமே ஒத்துவரவில்லை என்று எடுத்துக்கொண்டு, எல்லாவற்றையும் அழித்து முதலில் இருந்து போட்டேன்.

அவள் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். கொஞ்ச நேரம் என் பின்னால் நின்றாள்.

"தம்போய்ல இருக்கிற கடையில ஹெட்செட் விக்குது. ஒண்ணு வாங்கி மாட்டிக்கிட்டா முடிஞ்சுதுலா."

வேண்டாம் என்றேன். வேலையில் சேர்ந்தால் அவர்களே ஹெட்செட் தருவார்கள், அதுவரை கணினியில் இருக்கிற மைக் வேலை செய்தே ஆக வேண்டும், காரணம் தெரியாமல் ஒட்டுப் போடுவது எனக்குப் பிடிக்காது என்று நீளமாக விளக்கினேன். அவள் கேட்டது தன் நேர்காணலுக்கு. நான் பதில் சொன்னது என் கௌரவத்துக்கு.

கடைசியில் மைக்கின் ஒலிப் பெருக்கத்தை எவ்வளவு ஏற்ற முடியுமோ அவ்வளவும் ஏற்றினேன். பதிவு செய்து கேட்டபோது பின்னால் அடைமழை போல இரைச்சல் இருந்தது. ஆனால் அதற்குள் அவள் குரல் கேட்டது. இது போதும், கொஞ்சம் சத்தமாகப் பேசு என்றேன்.

அவள் சத்தமாகப் பேசுகிறவள் அல்ல. பிள்ளைகளைக் கூப்பிடக் கூட அவர்கள் இருக்கும் அறைக்கு நடந்து போய்க் கூப்பிடுவாள். இரண்டாவது நேர்காணலில் அவள் கத்தினாள். தன் பெயரைக் கத்தினாள். எந்தப் பிரிவில் இருந்தாள், பெட்டிகளை எப்படிச் சரிபார்த்தாள் என்பதையெல்லாம் ஆங்கிலத்திலும் மலாயிலும் கத்திச் சொன்னாள். கத்தும்போது அவளுடைய ஆங்கிலம் உடைந்தது. நோயாளி ஒருவர் கோபமாகப் பேசினால் எப்படிச் சமாளிப்பீர்கள் என்று அவர்கள் கேட்டார்கள். பொறுமையாக, மெதுவாகப் பேசுவேன் என்பதை அவள் கழுத்து நரம்பு புடைக்கச் சொன்னாள். நான் ஹாலில் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுகொண்டிருந்தேன். எங்கே போவது என்று தெரியவில்லை.

முடித்துவிட்டு வெளியே வந்தாள். தொண்டை கட்டியிருந்தது. "உங்க நேரமெல்லாம் என்னால வீணாப் போச்சு," என்றாள். ஹெட்செட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வேறு ஒருவரை எடுத்துவிட்டோம் என்று அந்த வாரமே மின்னஞ்சல் வந்தது.

அடுத்த ஞாயிறு மதியம், யாருக்கும் தேவைப்படாத அந்த மைக்கை மறுபடியும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒலி அளவைக் காட்டும் பட்டை திரையில் திறந்திருந்தது. இரைச்சலில் ஒரே இடத்தில் நின்ற அது, சாதாரணமாகப் பேசினால் அசையவில்லை. திரையைச் சாய்ப்பதற்காக மேல் விளிம்பைப் பிடித்தேன். விரல் பட்டதும் பட்டை துள்ளியது. மறுபடியும் தட்டினேன். மறுபடியும் துள்ளியது. அப்படியென்றால் மைக் உயிரோடு இருக்கிறது. டிரைவரும் வேலை செய்கிறது. தட்டுகிற அதிர்வு போகிறது, பேசுகிற காற்றுத்தான் போகவில்லை.

பூதக்கண்ணாடியை எடுத்துவந்தேன். கேமராவுக்கு அருகில் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை. மற்ற இடமெல்லாம் கறுப்பு, அது மட்டும் வெளிர் மஞ்சள். என்னவென்று உடனே தெரிந்துவிட்டது. துடைக்கும்போது நானே உள்ளே அழுத்தித் தள்ளியிருக்கிறேன். ஊசியின் நுனியால் மேலாகச் சுரண்டினேன். மாவு போல உதிர்ந்தது. முகர்ந்து பார்க்க வேண்டிய அவசியமே இல்லை, ஆனாலும் முகர்ந்தேன். பிறகு பெருக்கத்தைக் குறைத்துவிட்டுப் பேசிப் பதிவு செய்தேன். இரைச்சல் இல்லாமல் என் குரல் எனக்கே திரும்பி வந்தது.

விஜயதசமியன்று மாறியவை இரண்டு. நான் ஒன்றை மட்டும் எண்ணினேன். இன்னொன்று சாமி காரியம் என்பதால் அது கணக்கிலேயே வரவில்லை.

அவள் பின்கட்டில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். போய்ச் சொன்னேன். "நீ எதையும் அமுக்கல. மைக் ஓட்டையில சந்தனம் அடைச்சிருக்கு. நான் வெச்ச பொட்டு."

கையில் இருந்த சட்டையை மடித்து முடித்தாள். நான் அந்த நிறுவனத்துக்கு எழுதிக் கேட்கட்டுமா என்றேன். என்னவென்று எழுதுவீர்கள், கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைத்தோம் என்றா என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வரும் போலிருந்தது, வரவில்லை. துணிக்கூடையைத் தூக்கிக்கொண்டு உள்ளே நடந்தவள், வாசற்படியில் நின்றாள்.

"அக்காகிட்ட நீங்களே சொல்லிடுங்க. நான்தான் எதையோ அமுக்கிக் கெடுத்துட்டேன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

அன்று சாயங்காலமே அந்தக் கணினியில் அவள் அக்காவை அழைத்தேன். ஆயுத பூஜையில் தொடங்கி ஹெட்செட் வரை எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன்.

"அவ அன்னைக்கு என்கிட்ட அழுதா தம்பி," என்றார் கடைசியில். "இவ்வளவு வயசாகி ஒரு பட்டன் பார்க்கத் தெரியலையேன்னு."

அவள் அழுததை நான் பார்க்கவில்லை. ஒரே வீட்டில்தான் இருந்தேன், கணினி முன்னால்.

எழுந்து மனைவிக்கு நாற்காலியை விட்டேன். அவள் உட்கார்ந்து, திரைக்கு நெருக்கமாகக் குனிந்து, "அக்கா, சாப்பிட்டியா?" என்றாள். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அவ்வளவு சத்தம்.

"ஏண்டி கத்துற? நல்லாத்தான் கேக்குது," என்றார் அக்கா.

அவள் குரலைத் தணித்துக்கொண்டாள். இரண்டு மூன்று வாக்கியம் போனதும் குரல் தானாக மறுபடியும் ஏறியது. இப்போதும் அந்தக் கணினி முன் உட்கார்ந்தால் அவள் அப்படித்தான் பேசுகிறாள். மைக்கைச் சரி செய்துவிட்டேன். பெருக்கத்தைப் பழையபடி குறைத்தும் வைத்துவிட்டேன். அதற்கு மேல் அந்தக் கணினியில் நான் குறைப்பதற்கு எதுவும் இல்லை.