பாட்டு இறங்காத காலை

என் அக்காவுக்கு ஹோட்டல் வரவேற்பு மேசையில் பதினோரு வருஷ வேலை. அதே ஹோட்டலின் சலவை அறையில் எனக்கு நான்கு வருஷம். அக்காவின் பொறுமையை எல்லோரும் மெச்சுவார்கள். யார் எப்படிக் கத்தினாலும் முகம் சுளிக்கமாட்டாள். நானாக இருந்தால் முதல் நாளே வாயைக் கொடுத்து வேலையை இழந்திருப்பேன்.

அவளிடம் வரும் சண்டையில் பாதி வைஃபையால் வருவது. முதலாளி எச்சில் கையால் காக்கா ஓட்டாத ஆள். ஒரு வீட்டுக்குப் போதுமான இணைப்பை நாற்பது அறைக்குக் கொடுத்து, அதிலும் பாட்டு, படம் எதுவும் இறங்காதபடி அடைத்து வைத்திருக்கிறார். அலுவலகத்துக்கு மட்டும் தனி வைஃபை. அதன் பாஸ்வேர்டை யாருக்கோ சொன்னதற்காக அக்காவுக்கு முன்பிருந்தவரை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பினார். கேட்பவர்களுக்குச் சொல்ல ஒரு பதிலும் கற்றுக்கொடுத்திருக்கிறார்: ஆப்பை அழித்துவிட்டு மறுபடியும் போடுங்கள். அது முடிவதற்குள் ஆள் அறையைக் காலி செய்துவிடுவார் என்பது கணக்கு.

அன்று காலை துண்டுகளைத் தூக்கிக்கொண்டு மேசையைக் கடந்தபோது ஒரு நடன டீச்சர் அக்காவிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். பின்னால் ஒன்பது சிறுமிகள், நீல உடையில், முகப்பூச்சு கலைந்துவிடுமோ என்று வாயைத் திறக்காமல் நின்றார்கள். பத்து மணிக்குப் போட்டி. மூன்று சுற்று, மூன்று பாட்டு. இரண்டைத் தங்கள் ஊரிலேயே போனிலுள்ள பாட்டு ஆப்பில் இறக்கியாகிவிட்டது. மூன்றாவது நேற்றிலிருந்து பாதியில் நிற்கிறது. போட்டி அரங்கம் நிலத்துக்கடியில் இருக்கிறது, அங்கே சிக்னல் வராது. அவருடைய சிம்மும் இந்த ஊரில் எடுக்கவில்லை.

"வைஃபையை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டேன். போனையும் அணைச்சுப் பாத்துட்டேன். ரூம் நம்பர் போட்டா உள்ள போகுது, பாட்டு மட்டும் இறங்கமாட்டேங்குது. வேற வைஃபை எதாவது இருக்கா மேடம்?"

அக்காவின் முழங்கைக்குக் கீழே அந்த பாஸ்வேர்டை எழுதிய சீட்டு ஒட்டியிருந்தது. எட்டே எழுத்து. எங்கள் போன்களை வேலைக்கு வந்ததுமே வாங்கிப் பூட்டிவிடுவார்கள், அதனால் வேறு உதவிக்கும் வழியில்லை. நான் அக்காவைப் பார்த்தேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

"வேற இல்லைங்க. உங்க போன்லதான் ஏதோ கோளாறு. ஆப்பை அழிச்சிட்டு மறுபடியும் போட்டுப் பாருங்க."

அழித்தால் ஏற்கெனவே இறக்கிய பாட்டும் சேர்ந்து போய்விடும். அக்காவுக்கு அது நன்றாகத் தெரியும். எத்தனை பேர் அந்த மேசை முன்னால் தலையில் அடித்துக்கொண்டிருக்கிறார்கள்! டீச்சருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும், எனக்கும் வாய் இருந்தது. எங்கள் இருவர் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டு நின்றேன். டீச்சர் எங்கள் கண்ணெதிரே ஆப்பை அழித்தார்.

இருபது நிமிஷம் கழித்து ஆப் வந்தது. உள்ளே ஒரு பாட்டும் இல்லை. டீச்சர் வெறும் திரையையே மேலும் கீழும் தள்ளிக்கொண்டிருந்தார். அதற்குள் வண்டி வந்துவிட்டது.

மாலையில் பெட்டிகளை எடுக்க வந்தார்கள். பாட்டு இல்லாததால் முதல் சுற்றிலேயே பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்களாம். அழுது அழுது சின்னவளின் முகப்பூச்சு கோடு கோடாக வழிந்திருந்தது. டீச்சர் கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"நீங்க என்ன பண்ணுவீங்க மேடம்? சனியன் பிடிச்ச போனு. பிள்ளைங்ககிட்ட நான்தான் மன்னிப்பு கேட்டேன்."

கருத்துப் பதிவேட்டைக் கேட்டு வாங்கி, நின்றபடியே எழுதிவிட்டுப் போனார். வண்டி கிளம்பியதும் நான் எடுத்துப் பார்த்தேன். 'வரவேற்பில் இருக்கும் சகோதரி எங்களுக்காக மிகவும் பொறுமையாக முயன்றார். இந்த நல்ல மனசு எல்லோருக்கும் வராது.'

பக்கத்தைக் கிழிக்கப் போனேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கிழிச்சிடாதடி. பதினோரு வருஷத்துல என்னைப் பத்தி ஒருத்தங்க நல்லதா எழுதினது இது ஒண்ணுதான்."