நம்ம வூட்டுச் சூடு

ஸ்ரீபெரும்புதூர் பிரௌசிங் சென்டரில், என் ஆராய்ச்சிக் கட்டுரையை எனக்கே காட்ட மறுத்த திரையின் முன்னால்தான் எல்லாம் தொடங்கியது. பக்கத்து நாற்காலியில் வீட்டுக்கார அக்கா. ஒரகடத்தில் அவருடைய வாடகை அறைகளில்தான் ஒரு கோடை முழுக்க வெப்பமானியைத் தொங்கவிட்டிருந்தேன். நைட் ஷிப்ட் முடிந்து வந்து பகலில் தூங்கும் பையன்களின் தலைக்கு மேலே, ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தால் சூடு குறையுமா? குறைந்தது. வெளிநாட்டு இதழிலும் வந்துவிட்டது. பெருமையடிக்க அக்காவைக் கூட்டிவந்தால், திரை பாஸ்வேர்டு கேட்கிறது. எங்கள் கல்லூரி அந்த இதழுக்குச் சந்தா கட்டவில்லை.

"இன்னா தம்பி, நம்ம வூட்டு சூட்ட நமக்கே காட்ட மாட்டேங்குது?"

அவருக்கு அவசரம். பக்கத்து மனையில் அவருடைய புது அறைகள் எழும்பிக்கொண்டிருந்தன; சுண்ணாம்பு வீண் என்று மேஸ்திரி அடித்துச் சொல்லியிருந்தார். "நீ வாயால சொன்னா அந்தாளு சிரிக்கிறாரு. எழுத்துல காட்டுறேன்னு சொல்லிட்டு வந்துகீறேன்."

இதழ்க்காரர்கள் அனுப்பிய அச்சுப் பிரதிகள் என் பிஎச்.டி. கைடின் பீரோவில் இருந்தன. வழக்கம் அது: என் ஆராய்ச்சியை மதிப்பிடும் குழுவினருக்கு ஆளுக்கொன்று, மிச்சம் அவருடைய பதவி உயர்வு ஃபைலுக்கு. அக்காவுக்கு ஒன்று வேண்டுமென்று கூச்சப்படாமல் கேட்டேன்.

"அந்தம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியுமாப்பா?"

நியாயமான கேள்வி. அன்றைக்கே தமிழில் ஒரு பக்கம் எழுதினேன். வரைபடம் போட்டேன். என் முடிவுக்கு ஒத்துவராமல் முரண்டுபிடித்த அளவுகளையும் மறைக்காமல் சேர்த்தேன். 'மழையில் சுண்ணாம்பு எவ்வளவு தாங்கும் என்பது எனக்குத் தெரியாது' என்று கடைசி வரி. யார் வேண்டுமானாலும் படிக்கட்டும் என்று டீக்கடைச் சுவரில் ஒட்டினேன்.

மேஸ்திரிதான் முதல் வாசகர். கடைசி வரிக்கு நேராகப் போனார். "பாருங்கய்யா, இவரே தெரியாதுன்னு எழுதிகீறாரு!" கடை மொத்தமும் சிரித்தது.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "பாதி ரூமுக்கு அடி மேஸ்திரி, பாதிய வுடு. மழ வந்து போவட்டும். அப்பறம் யார் சிரிக்கிறான்னு பாக்கலாம்."

எனக்கு ஜிவ்வென்றது. ஒப்பிட்டுப் பார்க்கப் பாதி, அடித்துப் பார்க்கப் பாதி. இதைவிட நல்ல சோதனையை என் குழு முழுக்க உட்கார்ந்து யோசித்தாலும் எனக்குத் தந்திருக்காது.

மதிப்பீட்டுக் குழுவின் கூட்டத்தில், இதழ்க் கட்டுரையோடு அந்தத் தமிழ்ப் பக்கத்தின் பிரதியையும் நீட்டினேன்.

"இது எந்த ஜர்னல்?" என்றார் குழுவில் ஒருவர்.

"டீக்கடைச் சுவர், சார்."

கைடு மேசைக்கடியில் என் காலை மிதித்தார். அறிக்கையில் 'வெளியீடு: ஒன்று' என்றே எழுதினார்கள். சுவர் கணக்கில் வரவில்லை.

வராவிட்டால் போகட்டும். வெள்ளைக் கூரை அறை யாருக்கு என்று பையன்களுக்குள் இப்போதே தகராறு. மழை விட்டதும் இரண்டு பக்கமும் வெப்பமானி மாட்டப்போகிறேன். அளவெடுக்க மேஸ்திரியையே கூப்பிட்டிருக்கிறேன். அளவுகள் முதலில் சுவருக்கு, பிறகு இலவச வலைப்பக்கத்துக்கு, அதற்கப்புறம்தான் இதழுக்கு. அடுத்த கூட்டத்திலும் அதே தாளை நீட்டுவேன், இதழ்கள் கட்டுரையைச் சோதிக்க வாங்கும் நடுவர் குறிப்பைப் போல மேஸ்திரியின் ஆட்சேபத்தைப் பின்னால் இணைத்து.