கூடாரத்தைச் சுற்றி ஒரு வாய்க்கால்

வடதுருவப் பக்கம் ஆளரவமே இல்லாத ஒரு வெளியில், வேலையிடத்து நண்பர்களோடு கூடாரம் அடித்துத் தங்கிவிட்டு நான் வசிக்கும் வுப்பர்டால் நகருக்குத் திரும்பியிருந்தேன். சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஈரக் கூடாரத்தை வீட்டுக்குப் பின்னால் புல்தரையில் அடித்துக் காயவிட்டுவிட்டு, முதல் வேலையாக அக்காவைத் தேநீருக்குக் கூப்பிட்டேன். யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குப் பொறுக்காது.

அங்கே அந்த நாட்களில் சூரியன் மறைவதில்லை. ஒரு காலை 'டக், டக்' என்று சத்தம் கேட்டுக் கூடாரத்தின் வாயைத் திறந்தேன். கையெட்டும் தூரத்தில் துருவ மான்கள் கூட்டமாகப் போய்க்கொண்டிருந்தன. நெட்டி முறிப்பது போன்ற அந்தச் சத்தம் அவற்றின் கால்களிலிருந்துதான் வந்தது. ஒரு குட்டி நின்று என்னைப் பார்த்தது. முழங்காலில் இருந்தபடியே அழுதுவிட்டேன். ஏன் அழுதேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அக்கா "ஓம், ஓம்" என்று கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு உற்சாகம் கூடியது.

"அக்கா, கூடாரத்துக்குள்ளை படுக்கிற சுகம் வீட்டிலை வராது. ஒருக்கா அனுபவிச்சுப் பாக்கவேணும்."

"மழை பெய்ததோ?"

"ஒருநாள் பெய்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கிடக்கிறது தனிச் சுகம்."

அக்கா கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். போர் முடிந்தபின் இரண்டு பிள்ளைகளோடு முகாமில், ஒரு மாரிகாலம் முழுக்கக் கூடாரத்தில் கிடந்தவர் அவர். அது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் அந்த நேரத்தில் உறைக்கவில்லை. படம் காட்டக் கைபேசியைத் தேடி உள்ளே போனேன். கண்டுபிடிக்க நேரமெடுத்தது.

திரும்பி வந்தபோது அக்காவைக் காணவில்லை. வெளியே மழை தூறத் தொடங்கியிருந்தது. என் தோட்டத்து மண்வெட்டியால் கூடாரத்தைச் சுற்றி வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் முடிந்துவிட்டது.

"அக்கா, என்ன செய்யிறியள்?"

"வெட்டாட்டி வெள்ளம் உள்ளுக்கை வந்திடுமெல்லோ?"

"உள்ளுக்கை ஒருத்தரும் இல்லை அக்கா. காயப் போட்டிருக்கிறன்."

அக்கா நிமிர்ந்து கூடாரத்தைப் பார்த்தார், பிறகு கையிலிருந்த மண்வெட்டியை. என்னை வெட்கம் பிடுங்கித் தின்றது. நான் வாய் திறப்பதற்குள், அக்கா குனிந்து வெட்டிய மண்ணைத் தள்ளி வாய்க்காலை அவசரமாக மூடத் தொடங்கினார்.

"உன்ரை புல்லைப் பழுதாக்கிப்போட்டன் தம்பி. குறை நினையாதை" என்றார்.