ஹமீதா தேர்ந்தெடுத்த மிஷின்

போன மாதம் ஒரு காலை, கடையில் படகு எஞ்சினுக்கான உறை ஒன்றைத் தைத்துக்கொண்டிருந்தேன். எதிரே எஸ்.டி.டி. பூத் வைத்திருக்கும் அம்மாள் வாசலில் வந்து நின்று கையை ஆட்டினார். மிஷின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. நிறுத்தினேன்.

"ஹமீதாவோட தம்பி லைன்ல இருக்காரு. சீக்கிரம் வாங்க."

அவர் முகத்தைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. மதியத் தொழுகைக்குப் பிறகு எடுத்துவிடுவார்கள் என்றார் தம்பி. ராயப்பேட்டை வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது ஹமீதாவைக் குளிப்பாட்டி வெள்ளை போர்த்தியிருந்தார்கள். பெண்கள் நகர்ந்து எனக்கு இடம் விட்டார்கள். முகத்தை மட்டும் பார்த்துவிட்டு வந்தேன்.

இதைப் படிக்கிறவர்களில் பலரும் அவளை மயிலாப்பூரில் எங்கள் கடையில்தான் பார்த்திருப்பீர்கள். அக்கா என்பதற்கு ஆபா என்று கூப்பிட்டிருப்பீர்கள். தரையில் கித்தான் துணியை விரித்து, கத்தரிக்கோலோடு உட்கார்ந்திருந்த ஹமீதாவைத்தான் உங்களுக்குத் தெரியும். ஆனால் அவள் வெட்டுவதற்காகப் பிறந்தவள் அல்ல. தைப்பதில் அவளுக்கு ஈடாக நான் யாரையும் பார்த்ததில்லை.

நாங்கள் இருவரும் தி. நகரில் ஓர் ஏற்றுமதி ஆடை நிறுவனத்தில் பக்கத்துப் பக்கத்துக் கால்மிதி மிஷினில் வேலை பார்த்தவர்கள். அதை மூடியபோது சேர்ந்து இந்தக் கடையைத் தொடங்கினோம். பள்ளிப் பைகள், ஸ்கூட்டர் சீட் உறைகள் என்று ஓடிக்கொண்டிருந்தது. சிறுவயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தால் ஹமீதாவின் வலது கால் சூம்பியிருந்தது. இடது காலால் மட்டுமே மிதித்து, என்னைவிட வேகமாகத் தைப்பாள்.

பட்டினப்பாக்கத்து மீனவர் கன்னியப்பன் ஒருநாள் வந்து, தன் ஃபைபர் படகுக்கு வெயில் மறைப்பு ஒன்று வேண்டும் என்றார். இருந்த மிஷினிலேயே தைத்துக் கொடுத்தோம். சில வாரம் கழித்து, கிழிந்த கித்தானைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

"நடுக்கடல்ல காத்து அடிச்சுது பாரு, தையல் மொத்தமும் பிச்சிக்கினு பூட்ச்சுக்கா. நாள் முச்சூடும் வெயில்லயே கெடந்தோம்."

அவர் சத்தம் போடவில்லை. அதுதான் எங்களை அதிகமாகச் சுட்டது. ஹமீதா கிழிந்த இடத்தைத் தடவிப் பார்த்தாள். துணி கிழியவில்லை. தையல்தான் விட்டிருந்தது. பல மடிப்புகள் சேரும் இடத்தில் எங்கள் மிஷின் தையலைத் தாண்டித் தாண்டிப் போட்டிருந்தது. "இந்த வேலைக்கு இது ஆகாது லலிதா. வேற மிஷின் பாக்கணும்" என்றாள்.

பழைய மிஷின் விற்கும் கடைகளாக ஏறி இறங்கினோம். எங்கே போனாலும் கடைக்காரர் மெல்லிய துணி ஒன்றை எடுத்து அழகாக ஒரு வரி ஓட்டிக் காட்டுவார். ஹமீதா தன் பையிலிருந்து கன்னியப்பனின் கிழிந்த கித்தானை எடுப்பாள். மடித்து, மறுபடி மடித்து, "இதுல ஓட்டுங்க" என்பாள். "சமதரையில எல்லா மிஷினும் நல்லாத்தான் ஓடும். மேட்டுல ஏறுதான்னு பாக்கணும்" என்று என் காதில் சொல்வாள்.

கடைசியில் தி. நகரில் ஒரு கடையில் இரண்டு மிஷின்கள் மிஞ்சின. ஒன்று காலால் மிதிப்பது. அவள் உடம்புக்கு ஏற்றது. மேட்டில் ஏறியது, ஆனால் அடித்துணியும் மேல்துணியும் ஒன்றுக்கொன்று நழுவின. தவிர, ஊசிக்கு வலப்பக்கம் இருந்த இடைவெளியில் படகு மறைப்பு போன்ற பெரிய துணியைச் சுருட்டி நுழைக்க முடியாது. இன்னொன்று மோட்டாரில் ஓடுவது. ஊசியைத் தாங்கும் அதன் கை நீளமானது, பெரிய துணியும் அடியில் நுழையும். துணியை அழுத்திப் பிடிக்கும் ஊசிப்பாதமும் கூடவே நடந்து மேல்துணியைச் சேர்த்து இழுக்கும். ஹமீதாவின் மடிப்பை வெண்ணெய் போலத் தைத்தது.

ஆனால் அதன் பெடல் வலது காலுக்கென்று வலப்பக்கம் தள்ளிப் பொருத்தப்பட்டிருந்தது. ஊசிப்பாதத்தைத் தூக்கும் தட்டும் வலது முழங்காலுக்குத்தான். ஹமீதா உட்கார்ந்து, இடுப்பைத் திருகி, இடது காலை அங்கே நீட்டி அழுத்தினாள். மிஷின் துள்ளிக்கொண்டு ஓடியது. துணி கோணி, ஊசி முறிந்தது.

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் ஹமீதாவைப் பார்த்தேன்.

"இன்னொரு கடை பார்க்கலாமே" என்றேன்.

"எதுக்கு? இதுதான் நல்ல மிஷின். நீ தெய்யி, நான் வெட்டறேன்."

அவள் குரலில் தயக்கமே இல்லை. அதற்கு மேல் பேசினால் அவள் காலைப் பற்றிப் பேசியாக வேண்டும். அது அவளைப் புண்படுத்தும் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டேன்.

மிஷின் நல்ல மிஷின்தான். பட்டினப்பாக்கத்திலிருந்து படகுக்காரர்கள் ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள். உப்பு ஈரத்தில் பருத்தி நூல் இற்றுப்போகும் என்று நைலான் நூலுக்கு மாறச் சொன்னவள் ஹமீதா. கயிறு வைத்து ஓரம் மடிப்பதையெல்லாம் பெரிய ஊசியால் கையாலேயே தைத்தாள். அவள் மகிழ்ச்சியாக இருப்பதாகத்தான் நினைத்திருந்தேன். ஒருமுறை ஒரு வாடிக்கையாளர் என் தையலைப் புகழ்ந்துவிட்டுப் போனார். அவர் போனதும் கத்தரிக்கோலைத் தரையில் வைத்தாள்.

"வெட்டினது யாருன்னு எவனாவது கேக்கறானா பாரு" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

இப்படியே வருடங்கள் போயின. ஒருநாள் பெல்ட் மாற்ற வந்த மெக்கானிக், ஹமீதா தரையில் உட்கார்ந்து சரியான தையல் அளவு சொல்வதைக் கவனித்துவிட்டு, "இவ்ளோ தெரிஞ்சிகினு நீங்க இன்னாத்துக்குத் தெய்க்கறதில்ல?" என்று கேட்டார். அவள் காலைக் காட்டினாள்.

"அட, இதுக்கா? பெடல கழட்டி எடது பக்கம் மாட்னா ஆச்சு. ஊசிப்பாதம் தூக்கறதுக்குப் பின்னால கைப்பிடி கீது பாருங்க. கடையில சொல்லலியா?"

"யாரும் கேக்கலியே" என்றாள் ஹமீதா.

மெக்கானிக் ஒரு கம்பியை வளைத்து, இரண்டு திருகாணிகளை இடம் மாற்றினார். அவர் டீ குடித்து முடிப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது. ஹமீதா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பிறகு, காற்றாட நிற்கிறேன் என்று வாசலுக்குப் போனவள் வெகுநேரம் உள்ளே வரவில்லை.

மறுநாளிலிருந்து அவள் தைத்தாள். மேட்டில் ஏறும்போது வேகத்தைக் குறைத்து, இறங்கும்போது விட்டுப் பிடிப்பாள். மடிப்புகள் சேரும் இடத்திலும் தையல் ஒரே சீராக விழும். கன்னியப்பன் புது மறைப்பை விரித்துப் பார்த்தார்.

"இந்தத் தபா யாரு தெச்சது? வேற கை மாதிரி கீதே."

"நான்தான். ஏன், புடிக்கலியா?"

"புடிச்சிக்கீதுன்னுதான் கேட்டேன், ஆபா."

அந்த வருட மழைக்காலம் முடிவதற்குள் ஹமீதாவுக்கு வயிற்றில் கட்டி என்று கண்டுபிடித்தார்கள். அவள் அந்த மிஷினில் உட்கார்ந்தது சில மாதங்கள்தான்.

கடைசியாகப் பார்க்கப் போனபோது அவளே பேச்சை எடுத்தாள். "ஊசியப் பத்திக் கேட்டோம், நூலப் பத்திக் கேட்டோம். என் காலப் பத்தி மட்டும் ஒருத்தர்கிட்டயும் கேக்கல. எனக்கு வெக்கமா இருந்துச்சு லலிதா."

"எனக்கு, நீ வருத்தப்படுவியோன்னு இருந்தது."

"வருத்தப்பட்டிருந்தா ஒரு நாளோட போயிருக்கும்" என்றாள்.

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

கனத்த துணி தைக்க எந்த மிஷின் வாங்கலாம் என்று இப்போதும் சிலர் கடைக்கு வந்து கேட்கிறார்கள். அவர்களிடம் துணியைப் பற்றி விசாரிப்பதற்கு முன்னால் நான் வேறொன்றைக் கேட்கிறேன். ஹமீதாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தக் கேள்வியைத்தான். போன வாரம் பெசன்ட் நகரிலிருந்து ஒரு பெண் வந்தாள். கையில் கித்தான் துண்டு வைத்திருந்தாள்.

"யார் உட்கார்ந்து தைக்கப் போறா?" என்றேன்.

"அம்மாதான். அவங்களுக்குத் தோள்பட்டையில கொஞ்சம் வலி. அதெல்லாம் சமாளிச்சுப்பாங்க."

"சமாளிக்க வேண்டாம்" என்றேன். "மிஷின் பார்க்கப் போறச்சே அவாளையும் கூட்டிண்டு போங்கோ. உட்கார வெச்சுப் பாருங்கோ. எங்கே வலிக்கறதுன்னு கடைக்காரர் எதிர்லயே வாய்விட்டுக் கேளுங்கோ."