நாற்பத்திரண்டாம் நம்பர்

நான் பார்ப்பது அளவு பார்க்கிற வேலை. சுங்குவார்சத்திரம் பக்கத்தில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில், லைனில் வருகிற பொடிப் பொடிப் பாகங்களைக் கேஜில் வைத்துப் பார்த்து, சரியானது பச்சைத் தட்டு, தப்பானது சிவப்புத் தட்டு என்று பிரித்துப் போடுவேன். ஒரு முடி அளவு கூடினாலும் என் கண்ணில் தப்பாது. அப்படிப்பட்டவள், தன் நெஞ்சளவு என்னவென்று தெரியாமலே முப்பது வயதுவரை காலம் தள்ளினேன் என்றால் யார் நம்புவார்கள்? சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு மார்பு பெரிது. பத்தாவது படிக்கும்போதே பெரிது. பென்னலூரில் என் அம்மா அதற்குக் கண்டுபிடித்த ஒரே வைத்தியம் இறுக்கம். "இறுக்கிப் போடு, துப்பட்டாவை ரெண்டு பக்கமும் பின் குத்து. ஊரு கண்ணு சும்மா இருக்காது" என்பாள். உள்ளாடைக்கு அவள் வைத்திருந்த பெயர் பாடி. பாடி பத்தாமல் போனால் அடுத்த நம்பர் வாங்குவோம். முப்பத்திநாலு, முப்பத்தாறு, முப்பத்தெட்டு, கல்யாணத்துக்கு நாற்பது. பஸ் டிக்கெட் மாதிரி ஏறிக்கொண்டே போனது. அதற்கு மேல் யோசிக்க வேண்டும் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

மகள் பிறந்து ஆறு மாதம் லீவில் இருந்தேன். ஜிப் வைத்த நைட்டி ஒன்று, அதைத் துவைத்தால் இன்னொன்று. உள்ளே எதுவும் போடவில்லை. மாமியார் எங்களோடுதான் இருக்கிறார், அத்தை என்று கூப்பிடுவேன். "வூட்ல இருக்கிறப்போ எதுக்கு அதெல்லாம்? புள்ளைக்கு லேசா கெடைக்கணும்" என்றார் அத்தை. "தாங்கலா ஒண்ணு போடலன்னா தொங்கிப்பூடும், அப்புறம் அழுவாத" என்றாள் அம்மா. பால் கட்டிய நாட்களில் முதுகு விண்விண்ணென்று வலிக்கும். யார் சொல்வதைக் கேட்பது? இருங்காட்டுக்கோட்டையில் கார் கம்பெனிக்குப் போகிற என் வீட்டுக்காரரைக் கேட்டேன். "எனக்கு இன்னாம்மா தெரியும், ரெண்டு பேரையும் பகைச்சுக்காத" என்றார். நல்ல யோசனை.

லீவு முடியும்போதுதான் உண்மையான பிரச்சினை வந்தது. பவுடர் பால் குடித்தால் என் மகள் அப்படியே கக்கிவிடுவாள். மூன்று கம்பெனிப் பவுடர் மாற்றிப் பார்த்தோம், மூன்றையும் கக்கினாள். ஆக ஒரே வழி: ஷிப்டில் இரண்டு தடவை சிக் ரூமுக்குப் போய்ப் பாலைப் பீய்ச்சி எடுத்து வர வேண்டும், மறுநாள் அத்தை அதைப் பாலாடைச் சங்கில் புகட்ட வேண்டும். என் பால் நின்றால் பிள்ளைக்கு வேறு கதி இல்லை. ஒரு வயதுவரையாவது நிற்கக் கூடாது என்று மனதுக்குள் முடிவு செய்துகொண்டேன்.

அதற்கு ஏற்ற மாதிரி துணி வாங்க ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெருவுக்குப் போனேன். இன்னர்ஸ் பிரிவில் இருந்த பெண் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"நம்பர் சொல்லுங்கக்கா."

"நாப்பது. இப்ப புடிக்கல."

"அப்ப நாப்பத்திரண்டு எடுத்துக்கங்க. கம்பி வச்சது குடுக்கிறேன், உங்களுக்கு அதான் தாங்கும்."

"போட்டுப் பாக்கலாமா?"

"இன்னர்ஸுக்கு ட்ரையல் கெடையாதுக்கா."

மார்புக்குக் கீழே அரைவட்டக் கம்பி, தோளில் கழற்றிவிடுகிற கொக்கி. கூடவே, மடிப்புக்குள் இரண்டு ஜிப் மறைத்துவைத்த ஃபீடிங் குர்த்தி ஒன்று. ஏதோ பெரிய புத்திசாலித்தனம் செய்துவிட்ட மாதிரி வீட்டுக்கு வந்தேன்.

எங்கள் கம்பெனி வாசலில் மெட்டல் டிடெக்டர் உண்டு. உள்ளே இருந்து ஒரு திருகாணிகூட வெளியே போகக் கூடாது, வெளியில் இருந்தும் எதுவும் உள்ளே வரக் கூடாது. அதனால் இந்தப் பக்கத்துக் கம்பெனிப் பெண்கள் கொக்கி இல்லாமல், தலை வழியாக மாட்டுகிற இறுக்கமான பிராதான் போடுவோம். புதிதாகச் சேருகிறவளுக்கு ஹாஸ்டலிலேயே முதல் நாள் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். எட்டு வருடம் அதையே போட்டவள் நான். ஆறு மாத லீவில் அது எப்படி மறந்தது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான்.

திரும்பப் போன முதல் நாள் காலை, மிஷின் கத்தியது. திரைக்குப் பின்னால் அழைத்துப் போன லேடி செக்யூரிட்டி சின்னப் பெண், தென்காசிப் பக்கம். கைமிஷினை என் மேல் ஓட்டினாள். கம்பியில் கத்தியது, கொக்கியில் கத்தியது, இரண்டு ஜிப்பிலும் கத்தியது. வெளியே நூறு பேர் வரிசையில் நின்றார்கள். "லாக்கர்ல கழட்டி வச்சிட்டு வாங்கக்கா, நான் என்ன செய்ய" என்றாள் பாவமாக. பாடி இல்லாமல், தோழி ஒருத்தியிடம் வாங்கிய டாப்ஸுக்கு மேல் கம்பெனிக் கோட்டை மாட்டிக்கொண்டு, எட்டு மணி நேரம் கூனிக் குறுகி உட்கார்ந்தேன். பதினோரு மணிக்கே கோட்டு நனைந்துவிட்டது. சூப்பர்வைசர் தரையைப் பார்த்துப் பேசினார். எனக்குச் செத்துவிடலாம் போல இருந்தது.

மறுநாள் பழைய இறுக்க பிராவை எடுத்து மாட்டினேன். மிஷின் கத்தவில்லை. நாலாவது நாள் இடது மார்பு அம்மிக்கல்லாக இறுகிவிட்டது. தொட்டால் உயிர் போனது. குளிர்க்காய்ச்சல் வந்து படுத்தேன்.

அதன்பிறகு ஆளாளுக்கு நாட்டாமை. டாக்டரம்மா மாத்திரை எழுதிவிட்டு, "இறுக்கமா எதுவும் போடாதீங்க, அந்தப் பக்கமே அடிக்கடி குடுங்க" என்றார். "காய்ச்சக்காரி பால குடுக்காத, புள்ளைக்கு ஆவாது" என்றார் அத்தை. "முட்டகோஸ் எல வச்சுக் கட்டு" என்று போனில் அம்மா. வீட்டுக்காரர் செல்போனில் ஏதோ வீடியோ பார்த்துவிட்டு, மல்லாந்து படுக்கச் சொன்னார். எனக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது.

மறுநாள் அத்தை கடைக்குப் போய் நான்கு முழம் மல்லிகைப் பூ வாங்கி வந்தார். பால் கட்டிக்கொண்டு அவதிப்படுகிறவர்களுக்கு மாரில் மல்லிகை வைத்துக் கட்டுவது எங்கள் பக்கத்துப் பழக்கம். "இந்தப் பக்கம் மட்டும் வச்சுக் கட்டலாம், வலி வாங்கிடும்" என்றார். அது பாலை வற்ற வைக்கிற வைத்தியம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. பிள்ளையைப் பறிகொடுத்த பெண்களுக்கு அப்படித்தான் கட்டுவார்கள். ஆனால் அந்த வலியில் எனக்கு மூளை வேலை செய்யவில்லை. ஒரு நாள்தானே, ஒரு பக்கம்தானே என்று கட்டவிட்டேன். ஒரு பகல் முழுக்கப் பூ வாசனையோடு படுத்துக் கிடந்தேன்.

வலி வாங்கியது. கூடவே பாலும் வாங்கியது. இடது பக்கம் பீய்ச்சினால் நாலு சொட்டு. மகளும் அந்தப் பக்கம் வாய் வைக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு கத்தினாள். வலது பக்கத்துப் பால் மட்டும் அவளுக்குப் பத்தவில்லை, குடித்து முடித்த பிறகும் அழுதாள். எனக்கு வந்த கோபத்தில் அத்தையோடு பேச்சை நிறுத்திவிட்டேன். சோறு போடுவேன், வாங்கிச் சாப்பிடுவார், அவ்வளவுதான். கட்டவிட்டது நானும்தான் என்பதை நினைக்காமல் இருக்கத்தான் அந்தக் கோபம்.

மூன்று நாள் கழித்து வேலைக்குப் போனேன். இந்தத் தடவை நாற்பத்திநாலு. கம்பி இல்லை, பிளாஸ்டிக் கொக்கி. லொடலொடவென்று இருந்தது, ஆனால் பட்டி தோளை அறுத்தது. லூசாக இருக்கிற துணி எப்படி அறுக்கும்? ஒன்றும் புரியவில்லை. செக்யூரிட்டிப் பெண் என் முதுகைத் தடவிப் பார்த்துவிட்டுத் தயங்கினாள்.

"யக்கா, ஒண்ணு சொன்னா கோவப்படக் கூடாது."

"உன் வேலை இரும்பு கீதா இல்லையான்னு பாக்குறது. அத்த மட்டும் பாரு."

அவள் கையை எடுத்துவிட்டு என்னை உள்ளே அனுப்பினாள். லைனில் உட்கார்ந்த பிறகு எனக்கு மனசு கேட்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் நானே தேடிப் போய், "இன்னா சொல்ல வந்த?" என்று கேட்டேன்.

"தெனம் எத்தனை பேரு முதுகைத் தடவிப் பாக்கேன், எனக்குத் தெரியாதாக்கா? உங்க சைஸே தப்பு. பட்டை கழுத்துக்கு ஏறி நிக்கி."

"தப்புதான். அதான் நாப்பத்திநாலு வாங்கிக்கினேன்."

"அதாங்க்கா தப்பு. நான் திருப்பூர்ல நாலு வருசம் பிரா தச்சிருக்கேன். நம்பரு நெஞ்சுக்கூட்டுக்கு. எழுத்துதான் மாருக்கு. நீங்க நம்பரையே கூட்டிக்கிட்டுப் போறிய. கீழ பட்டை லூசாகி மேல ஏறுது, பாரம் பூரா தோள்ல விழுது. கப்பு பத்தாம மாரை நசுக்குது. பால் கட்டாம என்ன செய்யும்?"

"எழுத்தா? எந்த எழுத்து?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். நம்பருக்குப் பக்கத்தில் எழுத்து ஒன்று இருக்கிறது என்பதையே நான் அன்றுதான் கேள்விப்பட்டேன். பாகங்களோடு வருகிற லேபிளில் நூற்றுக்கணக்கான எழுத்துகளைத் தினம் சரிபார்க்கிற கண் என்னுடையது. மார்புக்குக் கீழே ஒட்டிப் பிடித்து ஒரு அளவு, மார்பின் எடுப்பான இடத்தில் தளர்வாக ஒரு அளவு, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் எழுத்து, ஒரு இஞ்ச் ஏ, இரண்டு பி, மூன்று சி, நாலு டி, அஞ்சு டபுள் டி என்று அவள் விரல்விட்டுச் சொன்னாள்.

வீட்டில் இஞ்ச் டேப் எடுத்தேன். பின்பக்கம் டேப் நழுவியது. வேறு ஆள் இல்லை. "பிடிங்க" என்று அத்தையிடம் நீட்டினேன். பேசாமல் வந்து பிடித்தார். கீழே முப்பத்தாறு. மேலே நாற்பத்தொன்று. இரண்டு தடவை அளந்தோம், அதேதான். வித்தியாசம் அஞ்சு, அப்படியென்றால் டபுள் டி. பெட்டியில் இருந்த அத்தனையையும் எடுத்துப் பார்த்தேன், நாற்பது, நாற்பத்திரண்டு, நாற்பத்திநாலு, எல்லாவற்றிலும் பி. என் லைனில் வந்திருந்தால் ஒன்றுவிடாமல் சிவப்புத் தட்டுக்குப் போயிருக்கும். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

முப்பத்தாறு, டபுள் டி, கம்பி இல்லாதது, பிளாஸ்டிக் கொக்கி, அகலப் பட்டி, பருத்தி. கடைத்தெருவில் கிடைக்கவில்லை, செல்போனில் பார்த்து ஆர்டர் போட்டேன். கூரியரில் வந்ததைக் கையில் தூக்கிப் பார்த்து, "முப்பத்தாறா? மூச்சு முட்டிச் செத்துப்பூடுவ" என்றார் அத்தை. ஒரு வாரத்துக்குப் பிறகு என்னோடு பேசிய முதல் வார்த்தை. எனக்கும் அந்தப் பயம் இருந்தது. மாட்டினால், விலாவில் கெட்டியாகப் பிடித்தது, மார்பு எங்கேயும் அழுந்தவில்லை, தோளில் பட்டி இருப்பதே தெரியவில்லை. நம்பர் குறைந்தும் மூச்சு லேசாக வந்தது. மறுநாள் வாசலில் மிஷின் கத்தவில்லை.

"இப்ப எப்பிடிக்கா இருக்கு?" என்றாள் அந்தப் பெண்.

"எப்பிடின்னு ஒண்ணியும் பிரியல. ஆனா நல்லாத்தான் கீது."

முதுகு சரியானது, தோள் சரியானது. இடது பக்கம் மட்டும் அப்படியே இருந்தது. தினமும் மகளை அந்தப் பக்கம் போட்டுப் பார்ப்பேன், முகத்தைத் திருப்புவாள். சிக் ரூமில் பத்து நிமிடம் பீய்ச்சினால் பாட்டிலின் அடி நனையும். முடிந்தது, இனி ஒற்றை மார்தான் என்று நானே எனக்குச் சொல்லிக்கொள்ள ஆரம்பித்திருந்தேன்.

பூ கட்டிய பதினோராவது நாள். முதல் ஷிப்ட், கம்பெனி வண்டி ஐந்து மணிக்குத் தெருமுனைக்கு வந்துவிடும். குளித்துக் கிளம்பி, போகிற முன் கொஞ்சம் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்தேன். வலது பக்கத்துக் கொக்கியைக் கழற்றுவதற்குப் பதிலாக அவசரத்தில் இடது பக்கத்தைக் கழற்றிவிட்டேன். மகள் அரைத்தூக்கத்தில் இருந்தாள். கண்ணைத் திறக்கவேயில்லை. வாயை வைத்தாள். சப்பினாள், நிறுத்தினாள். மறுபடி சப்பினாள். கொஞ்ச நேரத்தில் உள்ளே நரம்பு சுரீர் என்று இழுத்தது. மடக் மடக்கென்று விழுங்குகிற சத்தம் கேட்டது.

தெருமுனையில் ஹார்ன் அடித்தது. ஏற்கெனவே நாலு நாள் லீவு ஆகியிருந்தது, இனி ஒரு நாள் போட்டால் வார்னிங் கடுதாசி கொடுப்போம் என்று சொல்லியிருந்தார்கள். என்னால் எழுந்திருக்க முடியவில்லை. அசைந்தால் விட்டுவிடுவாளோ என்று மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டேன். சாப்பாட்டுப் பையோடு வாசலில் நின்ற அத்தை என்னைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார், பையைக் கீழே வைத்துவிட்டுத் தெருவுக்கு இறங்கிப் போனார்.

"நீ போப்பா, அவ வர்ல. புள்ள பால் குடிக்குது" என்று டிரைவரிடம் சொல்வது உள்ளே கேட்டது. வண்டி போய்விட்டது.

திரும்பி வந்து கதவோரம் நின்றார்.

"எந்தப் பக்கம்?"

"இடது."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நான்தான் அந்தப் பூவ வாங்கியாந்தேன்" என்றார்.

பால் திரும்பி வந்தது பிராவாலா, மாத்திரையாலா, பிள்ளையின் அரைத்தூக்கத்தாலா, எனக்கு இன்றுவரை தெரியாது. அத்தை சொன்ன அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் பதினோரு நாள் காத்திருந்தேன். மகளை எழுப்பாமல் கொஞ்சம் நகர்ந்து, அவர் உட்கார இடம் விட்டேன்.