தெரியாத எண்ணில் வந்த சாவுச் செய்தி

பாயா ரும்புட் ஊரில் என் பக்கத்து வீட்டுக்காரர் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். நான் அரசாங்க அலுவலகத்தில் விதிமுறைகளைக் கட்டிக்கொண்டு அழுது ஓய்வு பெற்றவன். அதனால் அவர் கைப்பேசிக்கு வரும் சந்தேகங்கள் எல்லாம் வேலி தாண்டி என்னிடம் வந்துவிடும்.

அன்று காலையும் வந்தது. புது எண், பெயர் இல்லை. "அம்மா காலமாகிவிட்டார். விவரம் இணைப்பில்." கீழே ஒரு கோப்பு.

"யாரு அம்மா சார்? எங்கம்மா போயி எத்தனையோ வருசமாச்சு. இவனுங்களுக்கு இப்பதான் தெரிஞ்சுதாக்கும்!"

கல்யாணப் பத்திரிகை என்று நம்பி இப்படி ஒரு கோப்பைத் திறந்து, சேமிப்பை இழந்தவர் ஒருவரை ஜாசினில் எனக்குத் தெரியும். கல்யாணம் போய்ச் சாவு வந்திருக்கிறது, முன்னேற்றம்தான் என்றேன். உடனே பக்கத்து வீட்டுக்காரர் அந்த எண்ணைத் தடை செய்தார். அதன்பின் வந்த தெரியாத அழைப்புகளையும் எடுக்கவில்லை. எல்லா வங்கி முகப்பிலும் ஒட்டியிருக்கும் எச்சரிக்கை அதைத்தான் சொல்கிறது.

மதியம் சிம்பாங் அம்பாட்டிலிருந்து அவருடைய அக்காளின் மூத்த மகன் மோட்டார் சைக்கிளில் வந்து வாசலில் நின்றான்.

"போன் தொலைஞ்சு போச்சு மாமா, அது என் புது நம்பர். எல்லாருக்கும் ஒரே மெசேஜ்தான் போட்டேன். நீங்க படிச்சிட்டீங்கன்னு நீல டிக் விழுந்துச்சு. வந்துக்கிட்டு இருக்கீங்கன்னு நெனச்சோம் லா. அம்மாவுக்குக் கோடி போட உங்கள விட்டா யாரு இருக்கா?"

கூடப்பிறந்தவன் கொண்டுவரும் கோடிப் புடவையைப் போர்த்தித்தான் அக்காளை அனுப்ப வேண்டும். அவளுக்கு இருந்தது இந்த ஒரு தம்பி. வழியில் புடவை வாங்கிக்கொண்டு மழையில் என் காரில் விரைந்தோம். மின்சுடலையில் பதிந்த நேரத்தைத் தள்ளிவைக்க மாட்டார்கள். அந்த விதியும் எனக்குத் தெரியும் என்பதால் வழியெல்லாம் கடிகாரத்தைப் பார்த்தபடியே ஓட்டினேன்.

போய்ச் சேர்ந்தபோது பெண்கள் வீட்டைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். "எவ்வளவு நேரம்தான் பார்க்கிறது? அடுத்த வீட்டு அண்ணன உங்க எடத்துல நிக்க வெச்சோம்," என்றாள் ஒருத்தி.

புடவைப் பையை மடியில் வைத்தபடியே அவர் திரும்பி வந்தார். என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால், செய்தது சரி என்று வாதாடியிருப்பேன். சரிதான் என்றே இன்றும் நினைக்கிறேன். அதுதான் உறுத்துகிறது.

இப்போது எந்த எண்ணிலிருந்து அழைப்பு வந்தாலும் எடுத்துவிடுகிறார். நேற்று ஒருவன், அவர் பெயருக்கு வந்த பார்சல் சுங்கத்தில் மாட்டியிருப்பதாக மிரட்டினான். வேலிக்கு இப்பால் இருந்து, போனை வைக்கச் சொல்லிக் கையசைத்தேன். அவர் முழுவதும் கேட்டுவிட்டு, "அது கெடக்கட்டும் தம்பி. வீட்டுல எல்லாரும் நல்லா இருக்காங்கதானே?" என்றார்.