பீரோ ஏறும் பாட்டு

வீடு மாறுகிறவர்களின் பீரோவை மாடியேற்றுவது சைரனின் தொழில். குரலைப் பார்த்து வைத்த பெயர். நான்கு பேர் தூக்கும் பீரோவில் அவர் பங்கு கால்வாசிதான்; ஆனால் அவர் வாயை மூடிக்கொண்டால் மீதி முக்கால்வாசியும் நகராது. அந்த வாய் வீட்டில் திறப்பதில்லை. "ஊருக்கெல்லாம் பாட்டு, எனக்கு மட்டும் 'ம்'" என்பது அவர் மனைவியின் முப்பது வருடப் புகார்.

படியேறும்போது ஒரு வரி பாடி முடித்ததும் சைரன் நிறுத்துவார். எட்டுக் கால்களும் படியில் ஊன்றிவிட்டனவா என்று பார்ப்பார். அப்புறம்தான் "ஹோய்!" அந்தச் சத்தத்துக்குத்தான் பீரோ எழும்பும்.

போன வருடம் ஒரு இசைக்குழு வந்து அந்தப் பாட்டைப் பதிவு செய்துகொண்டு போனது. நாட்டுப்புறப் பாட்டுக்கு மறுவாழ்வு கொடுக்கிறார்களாம். அது செத்துப்போன சேதியே சைரனுக்கு அதுவரை தெரியாது. மேளம் சேர்த்து, வரிக்கும் 'ஹோய்'க்கும் நடுவில் இருந்த மௌனத்தை வெட்டி எறிந்தார்கள். நன்றாகத்தான் இருந்தது. கூடவே பீரோ தூக்குகிற மச்சான், மனைவியின் தம்பி, அதையே ரிங்டோனாக வைத்துக்கொண்டார்.

வினை அங்கே ஆரம்பித்தது. ஒருநாள் இரண்டாம் மாடித் திருப்பத்தில் வரியை முடித்த சைரன் கால்களைப் பார்த்துக்கொண்டிருக்க, மச்சான் மட்டும் தூக்கிவிட்டார். சாய்ந்த பீரோ வழுக்கி, மச்சானின் கால் கட்டைவிரலுக்கு ஓர் அங்குலம் தள்ளி நின்றது.

"யோவ், நான் ஹோய் சொன்னேனா?"

"வந்துச்சே மாமா... காதுல."

"கால் போயிருந்தா உங்கக்கா என்னை வீட்டுக்குள்ள விடுவாளாய்யா?"

இன்னும் பதினோரு படி. ரிங்டோனில் ஊறிய உடம்பு ஒரே நாளில் மறக்காது. முப்பது வருடப் பாட்டை சைரன் அங்கேயே இறக்கிவைத்தார். மெட்டும் புதிது, வரியும் புதிது: "அக்கா தம்பி அவசரக்காரன், பாத்து ஏறு பீரோவே!" அடுத்து என்ன வருமென்று தெரியாத மச்சான், மாமா வாயையே பார்த்துக் காத்திருந்தார். பீரோ சாதுவாக மேலே போய்ச் சேர்ந்தது.

வீட்டுக்காரம்மா போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். "அண்ணே, புதுசா இருக்கே! இன்னொரு தடவ பாடுங்க, பதிவு பண்ணிக்கிறேன்."

சைரன் மச்சானின் காலை ஒருமுறை பார்த்தார்.

"பீரோவத் திரும்பக் கீழ எறக்கணுமாம்மா?"

"ஐயய்யோ, வேணாம்!"

"அப்ப பாட்டும் வேணாம்மா. குடிக்கத் தண்ணி குடுங்க."